பால்வாடியைக் கைவிட்டது யார்?



ஜூன் மாதம் நெருங்கிவிட்டால் நம் ஊர்க் கடைவீதிகளில் ஒரே பேச்சுதான். "காக்கா, மகனுக்கு எங்கே சீட்டு வாங்கினீங்க?" "எவ்வளவு கட்டினீங்க?" "வேன் வீட்டு வாசலுக்கே வருதா?" கேட்பவர் ஜவுளிக்கடைக்காரர். பதில் சொல்பவர் மளிகைக்கடைக்காரர். சீட்டு வாங்கியது மருத்துவக் கல்லூரியில் அல்ல. எல்.கே.ஜி.யில்! மகனுக்கு வயது மூன்றரை!

இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு சிற்றூருக்குக் கூட்டம் ஒன்றிற்காகச் சென்றிருந்தேன். அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரரின் கடையில் அமர்ந்திருந்தபோது வேன் வந்து நின்றது. அவருடைய மகன் இறங்கினான். கழுத்தில் டை, காலில் ஷூ, முதுகில் அவன் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு பை. இறங்கியவன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசி மூட்டையில் சாய்ந்தான், தூங்கிவிட்டான்.

தந்தை பெருமையோடு அவனது நோட்டை எடுத்துக் காட்டினார். "ஒண்ணுல இருந்து அம்பது வரைக்கும் எழுதுறான் ஹஜ்ரத்!" புரட்டிப் பார்த்தேன். உண்மைதான், பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். சற்று நேரத்தில் பிள்ளை விழித்தது. "தம்பி, அந்த டப்பாவிலிருந்து மூன்று பேரீச்சம்பழம் எடுத்துத் தாங்க" என்றேன். ஓடிப் போய்க் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நீட்டினான். ஐம்பது வரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மூன்று என்றால் எத்தனை என்று தெரியவில்லை!

"இந்த ஊரில் பால்வாடி இல்லையா?" என்று கேட்டேன். அந்தச் சகோதரர் சிரித்தார். "இருக்கு ஹஜ்ரத். இல்லாதபட்டவங்க பிள்ளைங்க சாப்பிடப் போகும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தது.

மறுநாள் காலை அந்தப் பால்வாடிக்குப் போனேன். சுமார் இருபது பிள்ளைகள். இரண்டு வயதுப் பிள்ளையும் இருக்கிறது; ஐந்து வயதுப் பிள்ளையும் இருக்கிறது. டீச்சரம்மா ஒருவர். அடுப்படியில் ஆயாம்மா ஒருவர். டீச்சரம்மா ஒரு பிள்ளையை எடைபோட்டு நோட்டில் எழுதினார். பிறகு அதையே செல்போனில் ஏற்றினார். சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார், எழுந்து போனார். தடுப்பூசிப் பட்டியல் கேட்டுச் செவிலியர் வந்தார். மீண்டும் எழுந்து போனார். சுவரில் எழுத்துகளும் படங்களும் அழகாக வரையப்பட்டிருந்தன. நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகள் பாடியது ஒரே ஒரு பாட்டு!

"பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொல்லணும்னு எனக்கும் ஆசைதான். எப்ப உட்காருறது, நீங்களே சொல்லுங்க" என்றார் டீச்சரம்மா. அவர் முகத்தில் சலிப்பு இல்லை, களைப்புதான் இருந்தது.

ஒரே ஊர். பணம் கட்டிய பிள்ளைக்கு மூன்று தெரியவில்லை. பணம் கட்டாத பிள்ளைக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. சமுதாயமே, இது யாருடைய குற்றம்?

பால்வாடி தர்மச் சோறு அல்ல!

பால்வாடி என்றால் சோறு போடும் இடம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசு அதை அப்படித் தொடங்கவில்லை.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் பரிசோதனையாகத் தொடங்கப்பட்டது. ஊட்டச்சத்து உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்குச் சத்துணவு பற்றிய அறிவுரை, முன்பருவக் கல்வி ஆகிய ஆறு பணிகள் அதற்கு வகுக்கப்பட்டன. ஆறில் ஒன்று கல்வி! மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்குப் பாட்டாலும் கதையாலும் விளையாட்டாலும் எழுத்துக்கும் எண்ணுக்கும் மனதைப் பக்குவப்படுத்துகிற கல்வி.

நம் மாநிலத்தில் 1982ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் சேர்த்தே தொடங்கினார். இன்று தமிழகத்தில் சுமார் 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. எந்தத் தனியார் நிறுவனத்திற்கும் இத்தனை கிளைகள் கிடையாது! பஸ் போகாத ஊரிலும் பால்வாடி இருக்கிறது.

இது சலுகை அல்ல, உரிமை. 2001ஆம் ஆண்டு முதல் நடந்த உணவு உரிமை வழக்கில் உச்சநீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து, அங்கன்வாடி இல்லாத கிராமமோ குடிசைப்பகுதியோ கேட்டால், கேட்ட மூன்று மாதத்திற்குள் அங்கன்வாடி திறந்தாக வேண்டும் என்று அது சொன்னது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 5 ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி உணவைச் சட்ட உரிமையாக்கியது.

ஆனால் கல்வி? அங்கேதான் சட்டம் கைவிரித்தது! 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கோ, அரசு "முயலவேண்டும்" என்று 45ஆவது பிரிவில் எழுதி வைத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பிரிவு 11இல் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு "செய்யலாம்" என்றுதான் சொல்கிறது. சோற்றுக்குச் சட்டம் உண்டு. பாட்டுக்கும் கதைக்கும் சட்டம் இல்லை. பால்வாடியில் சோறு நிற்காமல் நடப்பதற்கும் பாடம் பின்னுக்குப் போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

கிராமத்துப் பிள்ளைக்கு எத்தனை வாசல்?

இராமநாதபுரத்தையே எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாவட்ட மக்களில் பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். மத்திய அரசு 2018இல் பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றுவதற்கென்று ஒரு பட்டியல் எடுத்தபோது தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும்தான். நம் மக்கள் கணிசமாக வாழும் மாவட்டம் இது. கணவன் வளைகுடாவிலும் மனைவி பிள்ளைகளோடு ஊரிலுமாகக் காலம் கழிக்கும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம்.

அங்கே ஒரு கிராமத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் நான்கு வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல் பால்வாடி. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். கட்டணம் இல்லை. மதிய உணவு உண்டு, முட்டை உண்டு, "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்ற பெயரில் அரசு வகுத்த பாடத்திட்டமும் உண்டு.

இரண்டாவது வாசல் அரசுப் பள்ளியின் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் இவ்வகுப்புகள் தொடங்கப்பட்டன. 54 ஆயிரத்தில் 2,381! பெரும்பாலான கிராமங்களுக்கு இந்த வாசல் திறக்கவே இல்லை.

மூன்றாவது வாசல் தனியார் நர்சரி. கட்டணம், வேன், சீருடை, புத்தகம் எல்லாம் தனித்தனி. கடை வைத்திருப்பவர் கட்டுகிறார். வளைகுடாவில் இருப்பவர் அனுப்புகிறார். மீன்பிடித் தொழிலாளி கடன் வாங்குகிறார்.

நான்காவது வாசல் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவிகித இடஒதுக்கீடு. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா இடம். 2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பிற்குப் பிறகு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. 2025இல் மத்திய, மாநில அரசுகளுக்கிடையிலான நிதித் தகராறில் தமிழகத்தில் இந்தச் சேர்க்கை பல மாதம் முடங்கிக் கிடந்ததையும் பார்த்தோம்.

ஆக, ஊருக்கு ஊர் எல்லோருக்கும் திறந்திருக்கிற ஒரே வாசல் பால்வாடிதான். அந்த வாசலைத்தான் நாம் "இல்லாதபட்டவங்களுக்கு" என்று ஒதுக்கிவிட்டோம்!

தரம் எங்கே இருக்கிறது?

"பால்வாடியில் ஒன்றும் சொல்லித்தர மாட்டார்கள், தனியாரில் சொல்லித்தருவார்கள்" என்கிறீர்கள். இதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இராஜஸ்தான், அசாம், தெலங்கானா பகுதிகளின் கிராமங்களில் சுமார் 14 ஆயிரம் பிள்ளைகளை நான்கு வயதிலிருந்து எட்டு வயது வரை தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகமும் அசர் மையமும் அதை நடத்தின. பெரும்பாலான பிள்ளைகள் முதல் வகுப்பில் நுழையும்போது அதற்குத் தேவையான பக்குவத்தைப் பெற்றிருக்கவில்லை என்று அந்த ஆய்வு கண்டது. அங்கன்வாடியில் கற்பித்தல் மிகக் குறைவு. தனியாரிலோ முதல் வகுப்புப் பாடத்தையே கீழே இறக்கி வைத்து, எழுத வைத்து, மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். இரண்டுமே அந்த வயதுக்குரிய கல்வி அல்ல!

சகோதரர்களே, பேரீச்சம்பழத்தை அள்ளிக் கொண்டுவந்த அந்தப் பிள்ளை நினைவுக்கு வருகிறானா?

அப்படியானால் பால்வாடியைத் திருத்த முடியாதா? முடியும்! அதற்கான சான்று நம் தமிழகத்திலேயே இருக்கிறது.

கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழக அங்கன்வாடிகள் 320ஐ எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலை பார்க்கும் ஒரு பணியாளரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கட்டடம் மாறவில்லை. டை, ஷூ வரவில்லை. ஒரே ஒரு ஆள், அதுவும் அரை நாள்! பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது கற்பிக்கும் நேரம் இரு மடங்காகியிருந்தது. மொழியிலும் கணக்கிலும் அந்த மையங்களின் பிள்ளைகள் மற்ற மையங்களின் பிள்ளைகளைத் தெளிவாக முந்தியிருந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் எண்ணிக்கையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையும் அந்த மையங்களில் குறைவாக இருந்தன. ஏனென்றால், பாடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதும் பழைய டீச்சரம்மாவுக்கு எடை, உணவு, தாய்மார் என்ற மற்ற வேலைகளைச் செவ்வனே பார்க்க நேரம் கிடைத்தது.

வியாபாரிகளே! செலவை விடப் பலன் பல மடங்கு அதிகம் என்று அந்த அறிஞர்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். ஒரு ஆள் போட்டால் கடையில் இரண்டு மடங்கு வியாபாரம் நடக்கும் என்று தெரிந்தால் நீங்கள் எத்தனை நாள் யோசிப்பீர்கள்?

பால்வாடியின் நோய் டீச்சரம்மாவின் அலட்சியம் அல்ல. ஒருவர் தலையில் ஆறு பேர் வேலை! 2018 அக்டோபர் முதல் அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். இதன்மேல் மாநில அரசு சேர்த்துக் கொடுப்பதில்தான் அவர்கள் குடும்பம் நடக்கிறது. பணிக்கொடை பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதைச் சொல்லவே 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. 2025இல் தமிழக அரசு 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்புச் செய்தது. அப்படியானால் அதுவரை அத்தனை இடங்கள் காலியாக இருந்தன என்றுதானே பொருள்? டீச்சர் இல்லாத மையத்தைப் பக்கத்து மையத்து டீச்சர் சேர்த்துப் பார்த்தார். இரண்டு கடைக்கு ஒரே ஆள் நின்றால் எந்தக் கடை நடக்கும்?

கைவிட்டது யார்?

இப்போது நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். மக்தபுக்கு உஸ்தாத் ஒரு வாரம் வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? ஜமாஅத் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். கூட்டம் போடுகிறோம். அடுத்த வாரமே புது உஸ்தாத் வருகிறார். பால்வாடியில் ஒரு ஆண்டு டீச்சர் இல்லை என்றால்? அது நமக்குத் தெரியவே தெரியாது! ஏனென்றால் நம் பிள்ளை அங்கே இல்லை.

ஊரில் குரல் உள்ளவர் யார்? கடை வைத்திருப்பவர், நாலெழுத்துப் படித்த இளைஞர், வெளிநாட்டிலிருந்து வந்தவர். இவர்களுடைய பிள்ளைகள் வேனில் ஏறிப் போனார்கள். அவர்களோடு அந்தக் குரலும் வேனில் ஏறிப் போய்விட்டது. மிஞ்சியவர்கள் கூலித் தொழிலாளியின் பிள்ளைகள், கைம்பெண்களின் பிள்ளைகள். இவர்களுடைய தாய்மார்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

இன்னொரு அநியாயமும் சத்தமில்லாமல் நடக்கிறது. 2019இல் 24 மாநிலங்களின் 26 மாவட்டங்களில் கிராமங்களை ஆராய்ந்த அசர் அறிக்கை ஒரு கணக்கைச் சொல்கிறது. நான்கு, ஐந்து வயதுப் பெண்பிள்ளைகளில் 56.8 சதவிகிதம் பேர் அரசு நிறுவனங்களில் இருந்தார்கள், ஆண்பிள்ளைகளில் 50.4 சதவிகிதம் பேர்தான். தனியாரிலோ ஆண்பிள்ளைகள் 49.6 சதவிகிதம், பெண்பிள்ளைகள் 43.2 சதவிகிதம். இதன் பொருள் என்ன? ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்றால் மகனுக்குக் கட்டுகிறார்கள்! நான்கு வயதிலேயே தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. நம் சமுதாயத்தில் இது இல்லை என்று உறுதியாகச் சொல்ல யாராவது முன்வருவீர்களா? அப்படியானால் பால்வாடி பாழாகும்போது முதலில் பாழாவது நம் பெண்மக்களின் படிப்புதான்.

முதல் அம்சத்தை மறந்தோம்!

2006ஆம் ஆண்டு ஜூனில் சிறுபான்மையினர் நலனுக்காகப் பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மேடைதோறும் அதைப் பேசினோம். கல்வி உதவித்தொகை பேசினோம். கடனுதவி பேசினோம். வேலைவாய்ப்பு பேசினோம். அந்தப் பதினைந்தில் முதல் அம்சம் எது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அங்கன்வாடி! சிறுபான்மையினர் கணிசமாக வாழும் வட்டாரங்களிலும் கிராமங்களிலும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் பணிகள் நியாயமான அளவில் கிடைக்க வேண்டும், அதற்காக அங்கன்வாடிகளில் ஒரு பங்கு அங்கே அமைய வேண்டும் என்பதுதான் முதல் அம்சம். பதினெட்டு வயதுப் பிள்ளையின் கல்லூரி இடத்துக்காகக் கொடி பிடித்த நாம், மூன்று வயதுப் பிள்ளைக்காக ஒரு மனுவாவது எழுதினோமா? அடித்தளம் போடாமல் மாடிக்குச் சண்டை போட்டிருக்கிறோம்! நான் சார்ந்த அமைப்பையும் சேர்த்தேதான் சொல்கிறேன். முதல் குற்றவாளி என் போன்ற பேச்சாளர்கள்தான்.

கேட்டால் கிடைக்குமா?

கிடைக்கும். 2022 ஜூனில் ஒரு சம்பவம் நடந்தது. அரசுப் பள்ளிகளின் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை நிறுத்தி, பிள்ளைகளை மீண்டும் அங்கன்வாடிகளிடம் ஒப்படைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. பெற்றோர்களும் கட்சிகளும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். சில நாட்களில் அரசு முடிவை மாற்றிக்கொண்டது. வகுப்புகள் தொடரும், சிறப்பாசிரியர்கள் அமர்த்தப்படுவார்கள் என்று அறிவித்தது. 2,381 இடங்களில் பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் பேசினார்கள், அரசு கேட்டது. மற்ற 50 ஆயிரம் இடங்களுக்காகப் பேசத்தான் ஆள் இல்லை.

அந்த ஆளாக நீங்கள் ஏன் இருக்கக்கூடாது?

இளைஞர்களே! உங்களுக்குச் சொல்கிறேன். இந்த இதழைப் படித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். வரும் வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு உங்கள் ஊர்ப் பால்வாடிக்குப் போங்கள். அதிகாரம் காட்டப் போகாதீர்கள்; ஸலாமோ வணக்கமோ சொல்லி, டீச்சரம்மாவிடம் பணிவாகப் பேசுங்கள். ஐந்து விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாருங்கள். எத்தனை பிள்ளைகள் பதிவேட்டில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள்? டீச்சரும் ஆயாவும் நிரந்தரமாக இருக்கிறார்களா, இடம் காலியா? கட்டடம் சொந்தமா, வாடகையா, கூரை ஒழுகுகிறதா? தண்ணீரும் கழிப்பறையும் உண்டா? பாட்டு, கதை, விளையாட்டுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது?

உங்கள் தெருவில் பால்வாடியே இல்லையென்றால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். ஒரே நாள் வேலை. நாற்பதைத் தாண்டினால் பெற்றோரின் கையெழுத்தோடு குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனுக் கொடுங்கள். 2006ஆம் ஆண்டு தீர்ப்பை மனுவில் குறிப்பிடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புதல் ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில்.

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலைக்கும் சாக்கடைக்கும் அங்கே தீர்மானம் போடுகிறோம். காலியாகக் கிடக்கும் பால்வாடிப் பணியிடத்துக்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். நீங்கள் மட்டும் போகாதீர்கள். எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் படிக்கிற இடம் அது. அண்டை வீட்டு அண்ணனையும் அக்காவையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு தெருவின் குரலை ஒதுக்கிவிடலாம். ஒரு ஊரின் குரலை ஒதுக்க முடியாது.

வியாபாரிகளே! உங்களிடம் அதிகம் கேட்கவில்லை. கடைக்கு ஒரு மின்விசிறி வாங்கும்போது பால்வாடிக்கு ஒன்று சேர்த்து வாங்குங்கள். மரப் பொம்மை, வண்ணக் கட்டை, பந்து, பாய் வாங்கிக் கொடுங்கள். ஆனால் ஒன்று: பொருளைக் கொடுத்துவிட்டுப் போட்டோ பிடித்துக்கொண்டு போய்விட்டால் பயனில்லை. மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள். தூசி படிந்த அலமாரிக்குள் பூட்டி வைத்த பொம்மையால் எந்தப் பிள்ளையும் எண்ணக் கற்காது. நிதி கொடுப்பதை விடக் கண் கொடுப்பதுதான் பெரிது.

ஜமாஅத் நிர்வாகிகளே! மக்தப் நடத்த நம்மிடம் இடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு மூடினால் மாலை வரை அது சும்மா கிடக்கிறது. ஒழுகும் வாடகைக் கட்டடத்தில் பால்வாடி நடக்கும் ஊர்களில், பேசி முடிக்கிற வரைக்கும் நம் இடத்தைக் கொடுக்கலாமே! படித்து வீட்டிலிருக்கும் நம் சகோதரிகளில் ஒருவருக்கு ஜமாஅத் ஒரு சிறு ஊதியம் கொடுத்து, அதிகாரிகளின் அனுமதியோடு, தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் சொல்ல அனுப்பலாமே! 320 மையங்களில் நடந்த சோதனை சொன்னதும் இதைத்தானே?

ஒரு சந்தேகம்

"ஹஜ்ரத், அப்படியானால் என் பிள்ளையை நர்சரியிலிருந்து நிறுத்திவிட்டுப் பால்வாடிக்கு அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள்.

உங்கள் பிள்ளையை எங்கே அனுப்புவது என்பது உங்கள் முடிவு. நல்ல நர்சரிகளும் இருக்கின்றன. ஆனால் அனுப்பும் முன் அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை பக்கம் எழுத வைக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், எவ்வளவு நேரம் விளையாட விடுகிறீர்கள், எத்தனை கதை சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ஆங்கிலம் வேண்டும் என்று பதறுகிறீர்கள். தாய்மொழியில் நான்கு வாக்கியம் சேர்த்துப் பேசத் தெரிந்த பிள்ளை நாளை ஆங்கிலத்தையும் பிடித்துக்கொள்ளும். வாயே திறக்காத பிள்ளை எந்த மொழியில் பேசும்?

நம் பிள்ளை போகாவிட்டாலும் பால்வாடி நம்முடையதுதான். நாம் கட்டும் வரியில் நடக்கிறது. நம் கடையில் மூட்டை தூக்குபவரின் பிள்ளை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நாளை அவனும் நம் மகனும் ஒரே ஆறாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரப் போகிறார்கள். அன்று அவன் பின்தங்கி நின்றால் அதற்கான காரணம் அவனுடைய அறிவில் இருக்காது. அவனுக்கு மூன்று வயதானபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதில்தான் இருக்கும்.

பிள்ளைகள் அமானிதம் என்று மிம்பரில் நின்று சொல்கிறோம். அமானிதம் என்றால் என் வீட்டுப் பிள்ளை மட்டும்தானா? தெருவில் உள்ள பிள்ளை யாருடைய அமானிதம்?

அந்த ஊர்ச் சகோதரரை மூன்று மாதம் கழித்துச் சந்தித்தேன். மகன் இன்னும் நர்சரிக்குத்தான் போகிறான். ஆனால் அவர் ஜமாஅத்தில் பேசி, நான்கு பேரோடு பால்வாடிக்குப் போயிருக்கிறார். டீச்சரம்மாவோடு உட்கார்ந்து மனு எழுதியிருக்கிறார். "வேற ஊர்ப் பிரச்சினைன்னு நெனச்சிட்டு இருந்தேன் ஹஜ்ரத். கடைக்குப் பின்னாலேயே இருந்திருக்கு" என்றார்.

உங்கள் கடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? போய்ப் பாருங்கள்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!